வெற்றிலை வைத்து அழையாத சாட்சி

1

வாசகப் பெருமக்களே, உங்களைச் சாட்சிக்கு அழைக்கிறேன். ஓர் அநீதி நடந்திருக்கிறது. அதை நீங்கள் பார்க்கவில்லை என்று இனிமேல் சொல்ல முடியாது. இந்த வரியைப் படித்துவிட்டீர்கள்.

கொட்டகலை ரயில் நிலையத்தில் இறங்கிக் கடைவீதியைக் கடந்து, பெரிய ரோட்டிலிருந்து பிரியும் மண்பாதையில் ஏறினால் ஒரு தேயிலைத் தோட்டம் வரும். அதன் மேல் பிரிவான மேற்கணக்கில் ராக்காயி என்றொரு பெண் இருக்கிறாள். வயது ஐம்பத்திரண்டு. அந்த ஐம்பத்திரண்டு ஆண்டுகளில் ஒரு நாள்கூட இந்தத் தீவைவிட்டு அவள் வெளியே சென்றதில்லை. ஆனால் இந்த நாடு அவளைத் தன்னுடையவள் என்று எழுதிக்கொள்ள மறுத்துவிட்டது.

அதே தோட்டத்தின் கீழ்க்கணக்கில், அவளோடு ஒரே வயிற்றில் பிறந்த தம்பி பழனியாண்டி இருக்கிறான். அவனை இந்த நாடு எழுதிக்கொண்டது. இரண்டு கணக்குக்கும் இடையே நடந்தால் அரைமணி நேரம். அந்த அரைமணி நேரத்தை, ஒரே ஒரு நாள் தவிர, பதினைந்து ஆண்டுகளாக அவர்கள் இருவரும் நடக்கவில்லை.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ராக்காயியின் பிரஜாவுரிமை மனுவை எழுதியவன் நான். அது நிராகரிக்கப்பட்டபோது, வந்த ஆங்கிலக் கடிதத்தை அவளுக்குத் தமிழில் சொன்னவனும் நான். சொல்லி முடித்ததும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இம்புட்டு நீளமா எழுதியிருக்காங்களே, அதுல எந் தம்பி பேரு எங்கயாச்சும் வருதுங்களா?”

“வரவில்லை, அம்மா.”

“நல்லதுங்க” என்றாள்.

அந்த ‘நல்லது’க்குப் பொருள் என்ன? ஒன்பது ஆண்டுகளாகத் தேடுகிறேன். மேடையில் நான் ஒரு கேள்வியை வீசினால் கூட்டம் பதில் முழங்கும். இந்தக் கேள்விக்கு முழங்க ஆளில்லை. ஆகவே எழுத உட்கார்ந்தேன். துண்டுப்பிரசுரம் எழுதிப் பழகிய கை இது, கதைக்குப் புதிது. தடுக்கி விழும் இடங்களை அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: “பனி மூடிய மலைமுகட்டின் கீழே, பச்சைப் பட்டு விரித்தாற்போலத் தேயிலை—”

[வேண்டாம். இந்த மலையைப் பட்டு என்று எழுதுகிறவன், முதுகில் கூடையோடு அதில் ஏறாதவன்.]

இரண்டாம் தொடக்கம்: “நாற்பத்தெட்டில் ஒரு சட்டம் வந்தது, தோட்டத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்தது. நாற்பத்தொன்பதில் இன்னொரு சட்டம் வந்தது, பறித்ததைத் திரும்பத் தரவேண்டுமானால் மனுப் போடு, சாட்சி கொண்டுவா, எத்தனை ஆண்டு இங்கே இடைவிடாமல் இருந்தாய் என்று நிரூபி, என்றது—”

[இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் இது பிரசுரம். பிரசுரத்துக்குள் போனால் ராக்காயி ‘உழைக்கும் பெண்’ ஆகிவிடுவாள். அவளுடைய வாய்த்துடுக்கு காணாமற்போகும். அந்த வாய்த்துடுக்கு இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.]

மூன்றாம் தொடக்கம்: “தென்னங்கீற்றுகள் கானில் கிடந்தன.”

இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். லயம் என்பது தொழிலாளர் குடியிருக்கும் ஒற்றை அறைக் காம்பராக்களின் வரிசை; கான் என்பது அதன் வாசலை ஒட்டி ஓடும் சாக்கடை. அதில் பச்சைக் கீற்றுகள் எப்படி வந்தன என்று சொல்கிறேன்.

ஐம்பதாம் ஆண்டு. ராக்காயியின் மகள் பரிமளம் பெரியவளானாள். பெண் பெரியவளானால் தாய்மாமன் வந்து தன் கையால் குச்சுக் கட்ட வேண்டும்; பெண்ணை அந்தச் சிறு குடிலில் உட்கார வைத்துத்தான் சடங்கு. குச்சுக்குப் பச்சை ஓலை வேண்டும். இந்தக் குளிர்மலையில் தென்னை ஏது? மாமன்மார் காட்டுத் தழையை ஒடித்து ஒப்பேற்றிவிடுவார்கள். யாரும் குறை சொல்வதில்லை.

அன்று காலையிலிருந்து ராக்காயி பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நண்பகலாயிற்று. தம்பி வரவில்லை. அடுத்த காம்பராவில் குடியிருக்கும் மீனம்மா வாய்நிறைய வெற்றிலையோடு ஆரம்பித்தாள்.

“என்னாடி, மாமன்காரன் கீழ்க்கணக்குல இருந்து கப்பல் ஏறியா வரணும்?”

“வருவான். எந் தம்பி வராம இந்தப் பொழுது சாயாது, நீ வேணா பாரு.”

“பொழுது அது பாட்டுக்குச் சாயுதுடி. ஓந் தம்பியத்தான் காணோம்.”

பெண்கள் சிரித்தார்கள். ராக்காயியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மறுபடி பாதையைப் பார்த்தாள். தாயில்லாத தம்பியைத் தன் எட்டு வயதிலேயே இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். இத்தனை பேர் நடுவில் அவன் வராமற்போனால், வளர்த்த வளர்ப்பே பொய் என்று ஆகிவிடுமே என்று பயந்தாள். நல்ல நேரம் முடியப்போகிறது என்றார்கள். கணவன் இராமையாவின் பங்காளி அழகன், “நாங் கட்டுறேன் மதினி” என்று எழுந்தான். அவள் தலையாட்டினாள். காட்டுத் தழையில் குச்சு எழுந்தது.

கடைசி முடிச்சு விழும்போது பழனியாண்டி வந்தான். முழங்கால்வரை சேறு. தோளில் ஒரு கட்டுத் தென்னங்கீற்று, பாளை மணம் மாறாத பச்சை.

ஓடிப்போய் அந்தச் சுமையை இறக்க வேண்டும் என்று ராக்காயியின் கை பரபரத்தது. ஆனால் லயமே பார்த்துக்கொண்டிருந்தது. கை அசையவில்லை, வாய் அசைந்தது.

“வாங்கடி, வந்து பாருங்க! மாமன்காரன் வந்துட்டாரு. இனி இவ புள்ள பெத்த பெறகுதான் வருவாருன்னு நெனச்சேன்!”

லயமே கொல்லென்று சிரித்தது. பழனியாண்டி கட்டப்பட்ட குச்சைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். கீற்றுக்கட்டைக் கானில் இறக்கினான்.

“நல்லா இருங்க” என்றான்.

பிறந்ததிலிருந்து ‘ஏ அக்கா’, ‘நீ’, ‘வாடி’ என்று மட்டுமே பேசிய வாய் அது. அவன் திரும்பி நடந்தான். அவள் கூப்பிடவில்லை.

(அவன் ஏன் தாமதித்தான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. றொசல்லவில் தேநீர்க்கடை வைத்திருப்பவர் சொன்னார். பழனியாண்டி முந்தின நாளே புறப்பட்டுத் தென்னை வளரும் தாழ்நிலமான பொல்பிட்டியப் பக்கம் இறங்கியிருக்கிறான், அக்கா மகளுக்கு அசல் தென்னங்கீற்றிலேயே குச்சுக் கட்ட வேண்டும் என்று. பஸ்காரன் கீற்றை ஏற்ற மறுத்தான். எங்கோ ஏறிய ரயில், மண் சரிந்ததால் றொசல்லவோடு நின்றது. மிச்சத் தூரமெல்லாம் தோளில் சுமந்து நடந்திருக்கிறான். இதில் ஒரு சொல்லை அன்று வாசலில் சொல்லியிருந்தால் சிரித்த லயமே அழுதிருக்கும். அவன் சொல்லவில்லை. எல்லாரும் சிரிக்கும்போது, உன்மீது எனக்கு இத்தனை பாசம் என்று எந்த ஆண்மகன் வாய் திறப்பான்?)

அன்று அந்திக்கு முன், எல்லாரும் போனபின், ராக்காயி கானில் இறங்கி ஒரே ஒரு கீற்றை எடுத்துக் கழுவி, காம்பராவுக்குள் கூரை இடுக்கில் செருகினாள். இன்றும் அது அங்கே இருக்கிறது. ஈர்க்குதான் மிச்சம்.

3

மனுவுக்குப் போகுமுன் பத்தாண்டுகள் பின்னால் போக வேண்டும். ஏனென்றால் சட்டம் பின்னால் போய்த்தான் கேட்டது.

நாற்பதாம் ஆண்டு இராமையா கங்காணியை எதிர்த்துப் பேசினான். பத்துச்சீட்டுக் கிடைத்தது. பத்துச்சீட்டு என்றால், பெயர் வெட்டப்பட்டது, தோட்டத்தைவிட்டு வெளியேறு என்று பொருள். மூன்று வயதுப் பரிமளத்தை வைத்துக்கொண்டு ராக்காயி ரோட்டோரம் நின்றாள். பத்தொன்பது வயதுப் பழனியாண்டி வந்தான்.

“வா அக்கா.”

அவ்வளவுதான் பேச்சு. தலையணை மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

பதினான்கு மாதங்கள். கீழ்க்கணக்கில் அவனுடைய ஒற்றைக் காம்பராவில், எந்தப் பதிவேட்டிலும் இல்லாத மூன்று பேர் இருந்தார்கள். வெளியேற்றப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்தவனுக்கும் பத்துச்சீட்டு உண்டு. கணக்கப்பிள்ளையின் குரல் கேட்டால் ராக்காயி குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு விறகுக்குப் பின்னால் உட்காருவாள். காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு அவன் ஒருவன் போவான். ஒருவனுக்குரிய அரிசி வரும். நான்கு பேர் உண்ண வேண்டும்.

“நான் ஸ்டோருலயே தின்னுட்டேன்” என்பான்.

தேயிலை ஆலையில் யார் சோறு போடுவார்கள்? பொய்யென்று அவளுக்குத் தெரியும். “அப்பச் சரி” என்பாள். தன் பங்கில் பாதியைச் சட்டியடியில் மூடி வைப்பாள். விடிகாலையில் சட்டி காலியாயிருக்கும். அவள் வைத்ததாகச் சொன்னதில்லை; அவன் உண்டதாகச் சொன்னதில்லை.

[இந்த இடத்தில் ‘அன்பு’ என்ற சொல்லை எழுதி, வெட்டி, மறுபடி எழுதி, மறுபடி வெட்டினேன். அவர்கள் பயன்படுத்தாத சொல்லை அவர்கள் வீட்டுக்குள் நான் கொண்டுபோய் வைக்கலாகாது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். பேசாமலே சட்டியடியில் சோறு வைத்தால் போதும் என்று அந்த இருவரும் அந்தப் பதினான்கு மாதத்தில் பழகிவிட்டார்கள்.]

புதிய துரை வந்தார். இராமையாவை மேற்கணக்கில் திரும்ப எடுத்தார்கள். பெயர் தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோலில் ஏறியது. அன்றிலிருந்து ராக்காயிக்குத் தாளில் ஒரு வாழ்க்கை உண்டு, அதற்குமுன்னும் உண்டு. நடுவில் அந்தப் பதினான்கு மாதம் மட்டும் வெள்ளைத் தாள். அந்த வெள்ளைக்கு இந்த உலகத்தில் சாட்சி சொல்லக்கூடியவன் ஒருவனே.

4

நமது வழக்கம் ஒன்றை இங்கே நினைவூட்டுகிறேன். நல்ல காரியத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் போவோம். உடன்பிறந்தவனானாலும் சரி, வெற்றிலை வராத வீட்டு வாசலை மிதிக்க மாட்டான். சாவு மட்டும் விலக்கு. சாவுக்கு அழைப்பில்லை. கேள்விப்பட்ட காலோடு போகவேண்டும்.

ஐம்பத்தொன்றின் தொடக்கத்தில் இராமையா மார்ச்சளியில் இறந்தான். கீழ்க்கணக்கிலிருந்து முதல் ஆளாக வந்தவன் பழனியாண்டி. மூங்கில் வெட்டினான், பாடை கட்டினான், தோள் கொடுத்தான், குழியிலும் இறங்கினான். குளித்துவிட்டு, ஒரு மிடறு தேநீர்கூட வாங்காமல் போனான். நான் சொன்ன அந்த ‘ஒரே ஒரு நாள்’ இதுதான்.

“தேத்தண்ணி கேட்டிருந்தா குடுத்திருப்பேன்” என்றாள் ராக்காயி, பிற்பாடு.

“நீட்டியிருந்தால் குடித்திருப்பானே?”

“நீட்டி, அவன் வேணாம்னுட்டா? புருஷனப் புதைச்ச அன்னிக்கு அதையும் தாங்கணுமாக்கும்?”

அந்த ஆண்டே மனுக் கொடுக்கக் கடைசித் தவணை. படிவத்தோடு நான் போனேன். காம்பராவின் முன்திண்ணையான இஸ்தோப்பின் படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். விதவையானதால் அவளே மனுதாரி. பதினான்கு வயதுப் பரிமளம் அவள் மனுவுக்குள் அடக்கம். தாய்க்குக் கிடைத்தால் மகளுக்கும் நாடு உண்டு. தாய்க்கு இல்லையென்றால் மகளுக்கும் இல்லை.

“அந்தப் பதினான்கு மாதம் எங்கே இருந்தீர்கள்?”

“இருந்தேன்.”

“எங்கே?”

“இருந்த எடத்துலதான்.”

“பழனியாண்டியைச் சாட்சியாகப் போடுகிறேன்.”

அவள் சட்டென்று படிவத்தின்மேல் கையை வைத்தாள். “அவம் பேர எழுதாதீங்க. நாம் போயி அவன் வாசல்ல நிக்கவா?”

“உரிமைக்காக ஒரு முறை கேட்பதில் என்ன தாழ்வு?”

“நீங்கதானேங்க போன மாசம் கொட்டகல கூட்டத்துல மேசையத் தட்டிச் சொன்னீங்க, எவன் வாசல்லயும் நின்னு கெஞ்சாதே தமிழான்னு. தமிழச்சிக்கு வேற சட்டமுங்களா?”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது: என் சொல் லயம்வரை வந்துவிட்டதே! சாட்சிக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

விசாரணைக்கு அழைப்பு வர ஐந்தாண்டு பிடித்தது.

5

[இந்தப் பகுதியை மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்தேன். விசாரணைக்கு ஒரு வாரத்துக்கு முன் நடந்தது இங்கே வரவேண்டும். “அன்று மாலை ராக்காயி என்னை அழைத்து—” என்று தொடங்கும். இப்போதைக்கு இடத்தை விட்டுவிட்டு மேலே போகிறேன்.]

6

விசாரணை நாள். காலை பஸ்ஸில் ராக்காயியும் பரிமளமும் முன்பக்கம். கோடாலித்தைலமும் ஈரக் கம்பளியும் கலந்த நெரிசலில், பரிமளம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள்.

“அம்மா, கடைசி சீட்டுல மாமா.”

“திரும்பாத.”

“கோட்டுப் போட்டிருக்காரும்மா. தலப்பாவும் கட்டியிருக்காரு.”

“எவன் கல்யாணத்துக்கோ போறாரு. நீ முன்னப் பாரு.”

ஆனால் பட்டணத்தில் அவர்கள் இறங்கிய இடத்தில் அவனும் இறங்கினான். விசாரணை நடக்கும் கட்டடத்துக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு மரத்தடியில் போய் நின்றான். கல்யாணத்துக்குப் போடும் கறுப்புக் கோட்டு. கையில் சுருட்டிய குடை. உள்ளே வரவில்லை, போகவுமில்லை.

“எதுக்கும்மா நிக்கிறாரு?”

“நம்ம மானம் போறதப் பாக்க” என்றாள் ராக்காயி. சொல்லிவிட்டுக் கண்ணை அந்த மரத்திலிருந்து எடுக்கவில்லை.

நண்பகல் கடந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதிகாரி கடுமையானவரல்லர். களைத்தவர். அவர் ஆங்கிலத்தில் கேட்க, மொழிபெயர்ப்பவர் தமிழில் சொன்னார்.

“நாற்பதாம் ஆண்டிலிருந்து பதினான்கு மாதம் உன் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. அப்போது இந்தியாவுக்குப் போயிருந்தாயா?”

“இல்லீங்க. நான் கடலையே பாத்ததில்லீங்க.”

“பின் எங்கே இருந்தாய்? யார் வீட்டில்?”

சன்னல் வழியாக ரோடு தெரிந்தது. மரத்தடியில் பழனியாண்டி இந்தச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையை உயர்த்தினால் அவன் வருவான். அவன் ஓரடி எடுத்து வைத்தால் அவள் உயர்த்துவாள். இடையில் ஒரு ரோடு. அதில் ஒரு லொறி போயிற்று.

“எங்கயோ இருந்தேனுங்க.”

“சாட்சி உண்டா?”

“இல்லீங்க.”

அதிகாரி எழுதினார். பேனா நிற்கும்வரை அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? இதற்கு இரண்டு வகையாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில், அவள் செருக்கினால் சொன்னாள்: ஆறாண்டு பேசாதவனை நாடு தருகிறேன் என்றாலும் அழைக்க மாட்டேன். மற்றொன்றில், பயத்தினால் சொன்னாள்: தம்பியின் மனுவும் அந்த ஆண்டுதான் ஆய்வில் இருந்தது, வெளியேற்றப்பட்டவர்களை ஒளித்துவைத்தவன் என்று அவன் பெயர் தாளில் ஏறினால் அவனுக்கும் கிடைக்காமற்போகும். இரண்டில் எது உண்மை என்று அவளிடமே கேட்டேன்.

“ரெண்டும் ஒண்ணுதானேங்க” என்றாள்.

திரும்பும்போது மழை. பஸ் நின்ற இடத்திலிருந்து மேற்கணக்குப் பாதை ஏறும்வரை தாயும் மகளும் நனைந்துகொண்டே நடந்தார்கள். நாற்பது அடி பின்னால் பழனியாண்டி. கையில் குடை. விரிக்கவில்லை. ஓடிவந்து அக்காளின் தலைக்குமேல் பிடிக்கவும் முடியவில்லை. அவள் நனையும்போது தனக்குப் பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை. கல்யாணக் கோட்டு நீரை இழுத்துக் கனத்தது. பாதை பிரியும் இடத்தில் அவன் கீழே இறங்கினான்.

ராக்காயி அப்போதுதான் திரும்பினாள்.

“கொடைய வச்சிக்கிட்டே நனையிறான் பாரு, கிறுக்கன்” என்றாள். பரிமளம் தாயின் முகத்தைப் பார்த்தாள். மழையில் ஒன்றும் பிரித்தறிய முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து அந்த ஆங்கிலக் கடிதம் வந்தது.

5 (மறுபடியும்)

இனித் தள்ளிப்போட முடியாது. ஆறாம் பகுதியில் ஒரு பொய் இருக்கிறது. அந்தப் பஸ்ஸிலும், விசாரணைக் கட்டடத்தின் வாங்குப் பலகையிலும், ராக்காயிக்குப் பக்கத்தில் இன்னொருவன் உட்கார்ந்திருந்தான். எழுதும்போது அவனை நான் அழித்துவிட்டேன். அவன் நான்தான்.

விசாரணைக்கு ஒரு வாரத்துக்கு முன், ராக்காயி என்னை அழைத்து இஸ்தோப்பில் உட்காரச் சொன்னாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஐந்து வெற்றிலை, இரண்டு கொட்டைப்பாக்கு. காம்பு கிள்ளாத கொழுந்து வெற்றிலை. பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தாள்.

“இத எந் தம்பி கையில குடுங்க. அக்கா கூப்புடுதுன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்.”

ஆம், அவள் கேட்டாள். ஆறாண்டு இறுக்கத்தை அவளே அவிழ்த்து என்முன் நீட்டினாள். நான் என்ன செய்தேன்? சடங்குகளைச் சாடிப் பிரசுரம் போட்டவன் நான். வெற்றிலைக்கும் பாக்குக்கும் காத்துக்கிடக்கும் சமுதாயம் விடியுமா என்று மேடைதோறும் கேட்டவன். ஆகவே புன்னகைத்தேன். அந்தப் புன்னகையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

“வெற்றிலையில் என்ன இருக்கிறது, அம்மா? வாய் இருக்கிறது, வார்த்தை இருக்கிறது. நான் பேசி அழைத்து வருகிறேன்.”

“வாயில வராதுங்க. அதுக்குத்தானேங்க வெத்தல.”

அவள் கையை மூடி வெற்றிலையை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். அவள் மறுபடி முடிந்துகொண்டாள்.

கீழ்க்கணக்கில் பழனியாண்டி விறகு பிளந்துகொண்டிருந்தான். அரைமணி நேரம் பேசினேன். சட்டத்தைச் சொன்னேன், உரிமையைச் சொன்னேன், உடன்பிறப்பின் கடமையைச் சொன்னேன். எடுப்பும் தொடுப்பும் முடிப்புமாக நல்ல பேச்சு, மேடையாயிருந்தால் கைதட்டியிருப்பார்கள். அவன் கோடரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

“அக்கா வெத்தல குடுத்து விட்டுச்சுங்களா?”

“இல்லை. அதெல்லாம் எதற்கு?” என்றேன்.

பழனியாண்டியின் முகம் மூடிக்கொண்டது. கோடரியை எடுத்தான்.

“அப்ப நீங்களாத்தான் வந்திருக்கீங்க. சரிங்க. பாத்துப் போங்க, பாத வழுக்கும்.”

கொடுத்தாள், நான் வாங்கவில்லை: இந்த மூன்று சொற்களைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், அரைமணி நேரம் முழங்கியவன் அறிவிலி என்று ஆகிவிடும். சொல்லவில்லை.

அவன் ஏன் கல்யாணக் கோட்டோடு வந்து ரோட்டின் மறுபக்கமே நின்றான் என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். அழைக்கப்படாதவன் எதுவரை வரலாமோ, அதுவரை அவன் வந்தான். நான் வாங்கில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோட்டைக் கடக்க எனக்கு இருபது அடி. ராக்காயியின் முந்தானையில் அந்த வெற்றிலை அன்றும் இருந்தது, வாடி.

அவர்களுடைய செருக்கைப் பற்றி ஆறு பகுதி எழுதினேன். என்னுடையதை எழுத இத்தனை தாள் கிழிக்க வேண்டியிருந்தது.

7

முடிவு வேண்டுமல்லவா?

ஒரு முடிவில், பழனியாண்டி பச்சைக் கீற்றைத் தோளில் சுமந்து மேற்கணக்குக்கு ஏறி வருகிறான். ராக்காயி ஓடிப்போய்ச் சுமையை இறக்குகிறாள். எழுதும்போது என் கண் நிறைந்தது. அதனாலேயே அதைக் கிழித்தேன். நான் அழுது முடித்துவிட்டால் எழுந்து போகவேண்டிய கால் படுத்துக்கொள்ளும்.

இன்னொன்றில், இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் தலைமன்னார்த் துறை. ராக்காயியும் பரிமளமும் பரிமளத்தின் இரண்டு பிள்ளைகளும் கப்பலில். கரையில் சுருட்டிய குடையோடு ஒருவன். கப்பல்—

[இதை முடிக்க மாட்டேன். முடித்தால் அந்த வெளியேற்றத்தில் நானும் கையெழுத்திட்டவனாவேன்.]

ஆனால் அது வெறுங்கற்பனை என்று நினைக்காதீர்கள். போன அக்டோபரில் இந்த நாட்டு அரசும் இந்திய அரசும் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஐந்தேகால் இலட்சம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே, மிச்சமுள்ளோரைப் பிறகு பார்ப்போம் என்று, மரத்தடியில் மாட்டைப் பிரிப்பதுபோல மனிதரைப் பிரித்தன. புதிய படிவங்கள் வரப்போகின்றன. மறுபடியும் கேட்பார்கள்: எங்கே இருந்தாய்? யார் வீட்டில்? சாட்சி உண்டா? மறுபடியும் ராக்காயி சன்னலைப் பார்ப்பாள்.

நீங்களே போய்ச் சொல்லக்கூடாதா என்று என்னைக் கேட்பீர்கள். போனேன். சென்ற மாதம் கீழ்க்கணக்குக்கு இறங்கினேன். பழனியாண்டி வாசலில் நின்றான், தலை நரைத்துவிட்டது. மழையைப் பற்றிப் பேசினோம். கொழுந்து விளைச்சலைப் பற்றிப் பேசினோம். “அக்கா சொகமா இருக்காங்களா?” என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான். “சுகம்” என்றேன். திரும்பி வந்துவிட்டேன். நூறு மேடை ஏறிய நாக்கு ஒரு காம்பரா வாசலில் எழும்பவில்லை. அதனால்தான் இது அச்சுக்குப் போகிறது.

பெயர்களை மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றினால் நீங்கள் தேடிப் போக முடியாது. ஆகவே மாற்றவில்லை. பழனியாண்டிக்கு எழுத்துத் தெரியாது. இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். கொட்டகலையில் இறங்குங்கள். கீழ்க்கணக்கு, கான் ஓரத்து லயம், கடைசிக் காம்பரா. வாசலில் விறகு அடுக்கியிருக்கும். மறுபடியும் எழுதிய அந்த ஐந்தாம் பகுதியை மட்டும் அவனுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். உன் அக்கா வெற்றிலை கொடுத்தாள், கொண்டுவர மறுத்தவன் இதை எழுதியவன், என்று சொல்லுங்கள். என்னைத் திட்டுவான். திட்டட்டும்.

அங்கே போக முடியாதவர்களே, உங்கள் லயத்திலும் ஒரு பெயரற்ற பதினான்கு மாதம் இருக்கும். நீங்கள் ஒருவரே சாட்சியாக உள்ள ஓர் ஆள் இருப்பார். நீங்கள் பேசாத ஆளாகவும் இருப்பார். அழைக்கட்டும், வருகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். வெற்றிலைக்குக் காத்திருக்க இது கல்யாணமா? ஒரு மனிதரின் கையிலிருந்து நாடு போவது சாவு. சாவுக்கு நாம் அழைப்பில்லாமல் போகிறவர்கள். போங்கள். ரோட்டைக் கடந்து, படியேறி, “பதினான்கு மாதமும் என் வீட்டில் இருந்தாள்” என்று சொல்லுங்கள்.

மழையாயிருந்தால் குடை எடுத்துக்கொள்ளுங்கள். பழனியாண்டியிடம் ஒன்று உண்டு, விரிக்க மாட்டான். நீங்கள் விரியுங்கள்.